ரேலிக்கு 10 வாரம்: கோத்தகிரியில் 5:58 ஓடுபவன் கோவையில் 5:30-க்குள் வருவானா? பீம் 5-ல் நிற்கிறது

கட்டபெட்டு அண்ணன்

வணக்கம். தம்பிக்கு வயது பதினெட்டரை. உயரம் 168, எடை 56 கிலோ. ராணுவத்தில் அக்னிவீர் ஜிடி (பொதுப்பணி சிப்பாய்) ஆன்லைன் தேர்வு பாஸ் ஆகிவிட்டான். அடுத்தது பிசிக்கல், அதாவது உடல்தகுதி பார்க்கிற ரேலி, கோவைப் பக்கம். கையில் 10 வாரம் இருக்கு.

இப்போதைய நிலவரம்: பள்ளிக்கூட கிரவுண்டில் (சுற்று 200 மீட்டர், எட்டு ரவுண்டு) 1.6 கிலோமீட்டர் 5:58. ஊர் ரோட்டில் போன் ஆப் வைத்து ஓடினால் 5:41 காட்டுது. எதை நம்புறது? பீம் (கம்பியில் தொங்கி, தாடை மேலே வரும்வரை உடம்பை இழுப்பது) 5. ஆறாவதுக்கு நெற்றி கம்பி வரைக்கும் போகுது, தாடை போகல. இடது காலில் கணுக்காலுக்கு மேலே உள்பக்க எலும்பு ஓரமா ஒரு மாசமா வலி.

கேள்விகள் நாலு. மலையில் இருந்து இறங்கி ஓடினால் டைமிங் தானாகவே குறையும்னு எல்லாரும் சொல்றாங்க, எவ்வளவு குறையும்? பீம் 10 வாரத்தில் பத்து வருமா? கால் வலியோட ஓடலாமா? எத்தனை நாள் முன்னாடி கீழே இறங்கணும்? ஆப்பிள் விலை மாதிரி ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியம்.

சில்வர் ஓக்

முதலில் அந்த 5:41-ஐ மறந்துடுங்க. நம்ம எஸ்டேட் ரோட்டில் மரம் மூடின இடத்திலும், வளைஞ்சு வளைஞ்சு போற இடத்திலும் போன் தூரத்தைச் சரியாக் காட்டாது. 40 மீட்டர் பிசகினாலே எட்டு ஒன்பது விநாடி வித்தியாசம். அதுக்கு மேல அந்த ரோட்டில் ஏதோ ஒரு பக்கம் இறக்கம் இருக்கும். கண்ணுக்குச் சமமாத் தெரியும், காலுக்குத் தெரியும். 5:58 தான் உங்க கணக்கு.

இறங்கினா எவ்வளவு குறையும்னா: கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருக்கிறதில் ஏறக்குறைய 80 சதவீதம். ஆக்சிஜன் விகிதம் எங்கேயும் அதே 21 தான். அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உள்ளே போறது குறையுது. கோவை 400 மீட்டர் சொச்சம், அங்கே 95 சதவீதம். மலையிலேயே பிறந்து வளர்ந்த பையனுக்கு இந்தத் தூர ஓட்டத்தில் இரண்டு மூணு சதவீதம் லாபம் எதிர்பார்க்கலாம். அவனுக்கு அது ஏழிலிருந்து பத்து விநாடி. 200 மீட்டர் கிரவுண்டில் எட்டு ரவுண்டுன்னா 16 வளைவு. ரேலியில் 400 மீட்டர் சுற்று, நாலு ரவுண்டு, 8 வளைவு. அதில் ஒன்றிரண்டு விநாடி மிச்சம். ஆக இன்றைக்கே கீழே ஓடவிட்டா 5:47 பக்கம் வருவான். 5:30 வராது. "தானாகவே குறையும்" என்பதில் உண்மை இருக்கு, அது பத்து விநாடி உண்மை.

ஊட்டி உயரமும் மெக்ஸிகோ சிட்டி உயரமும் ஒண்ணுதான், சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தப்போ குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் சாதனையாக் கொட்டுச்சு, 10,000 மீட்டரில் ரான் கிளார்க் மாதிரி ஆளே கோட்டைத் தாண்டினதும் விழுந்தார். தூரம் கூடக் கூட மலை அதிகமா வாங்கும். 1.6 கிலோமீட்டர் இரண்டுக்கும் நடுவில் நிக்குது. அதனால்தான் லாபமும் நடுத்தரம்.

இதில் யாரும் சொல்லாத விஷயம் கால் வேகம். மலையில் மூச்சு வாங்குவதால் பையன் எப்பவுமே 88, 90 விநாடி ரவுண்டிலேயே பழகியிருப்பான். கீழே போனதும் மூச்சு லேசா இருக்கும், முதல் ரவுண்டை 76-இல் அடிச்சுட்டுப் போவான். நெஞ்சு ஒத்துழைக்கும், தொடை ஒத்துழைக்காது. அந்த வேகத்தை அது பார்த்ததே இல்லை. மூணாவது ரவுண்டில் கால் கல்லாகும். நம்ம மலைப் பசங்க தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நுரையீரல் காரணமா இல்ல.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மேட்டுப்பாளையம் இறக்கிடுங்க. கோத்தகிரியில் இருந்து சுமார் 33 கிலோமீட்டர், காலை முதல் பஸ் போதும். சமமான கிரவுண்டு பார்த்து 300 மீட்டரை 60 விநாடியில் ஐந்து தடவை, நடுவில் மூணு நிமிடம் நடை. அடுத்த தடவை 200 மீட்டரை 39 விநாடியில் எட்டு, நடுவில் இரண்டு நிமிடம். 5:30 வேகம்னா 300-க்கு 62 விநாடி, 200-க்கு 41. அதைவிடக் கொஞ்சம் வேகமாப் பழகினாத்தான் ரேலி வேகம் நிதானமாத் தோணும்.

மேலே இருக்கும் நாட்களில்: செவ்வாய் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 86–87, நடுவில் இரண்டரை நிமிடம். கீழ்நாட்டு அட்டவணையில் ஒன்றரை நிமிடம்னு போட்டிருப்பாங்க, அதை இங்கே அப்படியே எடுத்தா நாலாவதிலேயே வேகம் செத்துடும். வெள்ளி ஏற்றம்: 70 மீட்டர் மிதமான ஏற்றத்தில் பத்து தடவை வேகமா ஏறி, நடந்து இறங்கணும். ஞாயிறு 7–8 கிலோமீட்டர், பக்கத்தில் ஓடுறவனோட பேசிக்கிட்டே போகிற வேகம். மீதியில் இரண்டு நாள் 4 கிலோமீட்டர் மெதுவா, இரண்டு நாள் ஓட்டமே வேண்டாம். முதல் இரண்டு வாரம் மட்டும் கால் வலி தீரும் வரைக்கும் இது பாதி.

ரிட்டயர்டு உஸ்தாத்

சில்வர் ஓக் சொன்னது சரி. மார்க் கணக்கையும் பார்த்துக்குங்க, பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

ஓட்டம்: 5:30-க்குள் 60 மார்க். 5:31 முதல் 5:45 வரை 48. சமீபத்திய அறிவிப்பில் 5:46–6:00-க்கு 36, 6:01–6:15-க்கு 24 என்று இரண்டு குரூப் சேர்த்திருக்காங்க. பீம்: பத்துக்கு 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறுக்குக் கீழே வெளியே. 9 அடி பள்ளம் தாண்டுவதும் ஜிக்ஜாக்கும் (வளைஞ்சு போற ஒடுக்கமான கட்டை மேல் விழாமல் நடப்பது) பாஸ் ஆனால் போதும், மார்க் கிடையாது. தம்பியின் அறிவிப்பை எடுத்து இந்த எண்களை ஒரு தடவை ஒத்துப் பாருங்க, வருஷத்துக்கு வருஷம் திருத்துவாங்க.

இப்போ யோசிங்க. 5:47-இலிருந்து 5:30-க்குப் போனா 24 மார்க் கூடும். பீம் ஆறிலிருந்து பத்துக்குப் போனாலும் அதே 24. பத்து வாரத்தில் 17 விநாடி குறைப்பதைவிட நாலு பீம் ஏத்துறது எளிது. எல்லாரும் காலையில் இரண்டு மணி நேரம் ஓடிட்டு, கடைசியில் கை சோர்ந்தப்புறம் கம்பியில் தொங்கறாங்க. இன்றைய தேதிக்கு உங்க தம்பி ஓட்டத்தில் தோற்க மாட்டான், பீமில் தோற்பான். 5 பீம்னா 5:20 ஓடியும் பிரயோஜனம் இல்லை.

இரும்புக்கம்பி

பீம் பற்றி நான்.

எண்ணிக்கைக்கு முன்னாடி முறை. கீழே வரும்போது முழங்கை முழுசா நீளணும். மேலே போகும்போது தாடை கம்பிக்கு மேலே வரணும். காலை உதைக்கக் கூடாது, உடம்பு ஊசலாடக் கூடாது. வீட்டில் பத்து எடுக்கிற பையனுக்கு ரேலியில் ஏழு எண்ணுவாங்க. மூணு பீமை முழங்கை தின்னிருக்கும். போனைத் தரையில் சாய்ச்சு வச்சு பக்கவாட்டில் வீடியோ எடுங்க. கீழே வரும்போது முழங்கையில் சின்ன மடிப்பு தெரிஞ்சா அதை எண்ணாதீங்க. அப்படி எண்ணினா தம்பியின் 5 இன்னைக்கு 4 ஆகலாம். பரவாயில்லை, அங்கிருந்து ஆரம்பிங்க.

உள்ளங்கை வெளியே பார்க்கிற பிடியிலேயே பழகுங்க. இந்தப் பிடியில் பத்து வந்தா உள்ளங்கை முகத்தைப் பார்க்கிற பிடியில் தானா வரும், திருப்பி அப்படி இல்லை. இழுக்க ஆரம்பிக்கும் முன் தோளைக் காதிலிருந்து கீழே இறக்கணும். கை மடங்காமல் தோள் மட்டும் கொஞ்சம் இறங்குது பாருங்க, அதுதான் முதல் அசைவு. இதைச் செய்யாதவன் முழுக்க முன்கையால் இழுப்பான், ஐந்திலேயே நிற்பான். உங்க தம்பி நெற்றி வரை வந்து நிற்பதுக்குக் காரணம் பெரும்பாலும் மேல் பாதியில் முதுகு வேலை செய்யாததுதான். அதுக்கு மருந்து இறக்கும் பயிற்சி: ஸ்டூல் போட்டு ஏறி, தாடை கம்பிக்கு மேலே வச்சு, ஐந்து விநாடி எண்ணிக்கிட்டே இறங்கணும். மூணு தடவை ஒரு செட், மூணு செட், வாரம் இரண்டு நாள். தினமும் செய்தா முழங்கையின் உள்பக்கம் வலி பிடிக்கும், அது பிடிச்சா மூணு வாரம் போச்சு.

முதல் மூணு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மூணு மூணாக ஐந்து செட், நடுவில் இரண்டு நிமிடம். "ஐந்து எடுக்க முடியுமே, ஏன் மூணு?" என்பான். ஒவ்வொரு செட்டிலும் உயிரைக் கொடுத்து எடுத்தா மொத்தம் 12 தான் வரும். மூணோடு நிறுத்தினா சுத்தமா 15 வரும். நாலாவது வாரத்திலிருந்து ஏணி: ஒன்று, கொஞ்சம் நின்று இரண்டு, மூணு, நாலு. இது ஒரு ஏணி, பத்து பீம். மூணு ஏணி போனா முப்பது. ஏழாவது வாரம் ஐந்து வரை ஏணி. ஞாயிறு மட்டும் முழு பலம் போட்டு எண்ணிப் பாருங்க, நோட்டில் எழுதுங்க.

எட்டாவது வாரத்திலிருந்து ஓட்டம் முடிச்சு 15 நிமிடத்தில் பீம் எடுக்கப் பழகணும். ரேலியில் ஓடினப்புறம்தான் பீம். ஓடி வந்த மூச்சோட கம்பியில் தொங்கினா புதுசா எடுப்பதைவிட ஒன்றிரண்டு குறையும். எனவே வீட்டில் இலக்கு 12, சுத்தமா. பத்து என்று வச்சா எட்டில் முடியும்.

ரேலி கம்பி பருமனா இருக்கும்னு எடுத்துக்குங்க. வீட்டில் ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பில் (வெளி விட்டம் 34 மில்லிமீட்டர் அளவு) பழகிட்டு அங்கே போனா பிடி நழுவும். ஒன்றேகால் இஞ்ச் பைப் வாங்குங்க, வெளி விட்டம் 42 மில்லிமீட்டர். தரையிலிருந்து எட்டு அடி உயரம், தூண் இரண்டரை அடி மண்ணுக்குள்ளே, சுத்தி கான்கிரீட். நம்ம மண் மழையில் ஊறினா தூண் ஆடும், கான்கிரீட் போடாமல் விடாதீங்க. இரண்டு தூணுக்கு நடுவே நாலு அடி போதும். அதைவிட நீளம் போனா பைப் நடுவில் வளையும்.

கட்டபெட்டு அண்ணன்

ரொம்ப நன்றி அண்ணா. கம்பி இப்போ ஒரு இஞ்ச்தான், இந்த வாரமே மாத்திடறேன். காலையில் பனியில் கம்பி நனைஞ்சு ஐஸ் மாதிரி இருக்கு, மூணாவதிலேயே கை விரல் மரத்துப் போகுதுங்கறான். கையில் காய்ப்பு வேற பிய்யுது. கிளவுஸ் போடலாமா?

இரும்புக்கம்பி

கிளவுஸ் வேண்டாம், அங்கே போட விடுவாங்கன்னு நம்பிப் பழகக் கூடாது. அதோட கிளவுஸ் கம்பியை இன்னும் பருமனாக்கும். பழைய துண்டால் கம்பியை அழுத்தித் துடைச்சுட்டு, சாக்பீஸை உள்ளங்கையில் தேய்ச்சா போதும். விரல் மரத்தால் பீம் பயிற்சியை மத்தியானத்துக்கு மாத்துங்க. பீமுக்கு விடியற்காலை என்ற சட்டம் எதுவும் இல்லை.

காய்ப்பு பிய்வது கம்பியை உள்ளங்கை நடுவில் பிடிப்பதால். உடம்பு கீழே வரும்போது தோல் மடிஞ்சு கம்பிக்கு அடியில் சிக்கும். விரல்கள் ஆரம்பிக்கிற கோட்டுக்கு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. குளிச்சதும் காய்ப்பை நுரைக்கல்லால் தேய்ச்சு மட்டமாக்கணும், பிளேடு போடக் கூடாது. பிய்ஞ்சுட்டா நாலு நாள் கம்பியைத் தொடாமல் தண்டால், பலகை நிலை (பிளாங்க்).

ஏரிச்சாலை

கொடைக்கானலில் இருந்து. நாங்களும் அதே கோவை ரேலிக்குத்தான் வரணும். இங்கே ஏரியைச் சுத்தி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ரோடு பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடைக்குது, ஞாயிறு மெதுவோட்டத்துக்கு நல்லது. டூரிஸ்ட் வண்டி வர ஏழரை மணிக்குள் முடிச்சுடணும். வேகப் பயிற்சிக்கு அது வேண்டாம், ஓரத்தில் தார் சரிஞ்சிருக்கும், எப்பவும் ஒரே திசையில் சுத்தினா ஒரு காலுக்கு மட்டும் சுமை ஏறும். ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம்.

ஒரு சந்தேகம். மூச்சுப் பயிற்சிக்குன்னு ஒரு ரப்பர் மாஸ்க் விக்கிறாங்களே, மலை உயரத்தைச் செயற்கையாக் கொடுக்கும்னு. இங்கே சில பசங்க போட்டுக்கிட்டு ஓடறாங்க.

சில்வர் ஓக்

கொடைக்கானலே 2,100 மீட்டருக்கு மேல. அங்கே உட்கார்ந்து உயரத்தைக் காசு கொடுத்து வாங்கறாங்களா? அந்த மாஸ்க் காற்றழுத்தத்தைக் குறைக்காது, மூச்சு இழுப்பதைக் கஷ்டமாக்கும், அவ்வளவுதான். ஓட்ட வேகம் குறையும், கால் இன்னும் மெதுவான வேகத்துக்குப் பழகும். நம்ம குறையே கால் வேகம் என்னும்போது இது நேர் எதிர். மணல் மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஓடுவதும் அப்படித்தான்; அது செலக்‌ஷனுக்கு அப்புறம் வர்ற வேலை.

கணுக்கால்

வலி பற்றி யாரும் இன்னும் விவரமாச் சொல்லல, அதுதான் முதல்ல தீரணும். இரண்டு வகை இருக்கு, பிரிச்சுப் பார்க்கணும்.

தம்பியை உட்கார வச்சு, உள்பக்க எலும்பு ஓரத்தைக் கீழிருந்து மேலாக் கட்டைவிரலால் அழுத்திக்கிட்டே போங்க. நாலு ஐந்து விரல்கடை நீளத்துக்குப் பரவலா வலிச்சா, ஓட ஆரம்பிச்சு பத்து நிமிடத்தில் குறைஞ்சு, முடிச்சப்புறம் திரும்ப வந்தா, அது எலும்பு ஓரத்தில் தசை இழுக்கிற வலி. ஓடிக்கிட்டே சரி பண்ணலாம். ஆனா ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில், தொட்டா துள்ளினா, ராத்திரி படுக்கும்போதும் வலிச்சா, ஒற்றைக் காலில் பத்து தடவை குதிக்க முடியலைன்னா அது எலும்பில் மயிரிழை விரிசலா இருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டர். ஆரம்ப இரண்டு மூணு வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம்; எக்ஸ்ரே சுத்தம்னு சொல்லி மறுநாள் ஓடக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடுவது இருக்கிறதிலேயே மோசம், விரிசல் முழு முறிவா மாறும்.

முதல் வகைன்னா காரணம் நம்ம ரோடுதான். ஏற்றம் காலைக் கெடுக்காது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் பிரேக். உடம்பு எடை முழுக்கத் தார் ரோட்டில் குதிகாலில் இறங்குது, அதைத் தாங்குறது அந்த உள்பக்கத் தசை. காலையில் 3 கிலோமீட்டர் இறங்கி, 3 கிலோமீட்டர் ஏறி வர்ற பழக்கம் இருந்தா இன்னைக்கோட நிறுத்துங்க. இரண்டு வாரம் மொத்த தூரத்தைப் பாதியாக்கி, புல் தரையில் மட்டும். படிக்கட்டு நுனியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 வீதம் மூணு செட், முழங்கால் நீட்டி ஒருமுறை, லேசா மடக்கி ஒருமுறை. சுவரில் முதுகு சாய்ச்சு, குதிகாலை ஓரடி முன்னால் ஊன்றி, பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்குவது 20 வீதம் மூணு. ஓடி முடிச்சதும் ஐஸை துணியில் சுத்தி 10–15 நிமிடம். வலி போனப்புறம் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

ஷூவைப் பாருங்க. அடிப்பக்கம் குதிகால் வெளி ஓரம் தேஞ்சு சரிஞ்சிருந்தா அது முடிஞ்சு போன ஷூ. புதுசு வாங்கினா ரேலிக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கிப் பழகணும். மழையில் நனைஞ்சதை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, பசை விட்டுடும். நியூஸ் பேப்பரை உள்ளே திணிச்சு, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை மாத்தினா விடியறதுக்குள் காய்ஞ்சுடும்.

இன்னொண்ணு, விடியற்காலை ஐந்து மணிக்குத் தேயிலைத் தோட்ட ரோட்டில் தனியா விடாதீங்க. காட்டெருமை வளைவில் நிக்கும், கோத்தகிரிப் பக்கம் கரடியும். வெளிச்சம் வந்தப்புறம் போனா போதும், இரண்டு பேராப் போகணும், காதில் ஹெட்போன் கூடாது.

ரிட்டயர்டு உஸ்தாத்

பள்ளமும் ஜிக்ஜாக்கும் மார்க் இல்லைன்னு அலட்சியமா விட்டு வெளியே வந்தவங்க நிறைய. 9 அடின்னா 2.74 மீட்டர். நீளமா ஓடி வந்து தாண்டறவனுக்கு இது பெரிய தூரமே இல்லை. தோற்பது எப்படின்னா, விளிம்பைப் பார்த்ததும் கடைசி மூணு காலடியில் வேகத்தைக் குறைச்சு, அரை மீட்டர் முன்னாடியே கால் ஊன்றித் தாவுவான். அப்போ அவன் தாண்ட வேண்டியது 9 அடி இல்ல, பத்தரைக்கும் மேல. வீட்டில் தரையில் இரண்டு கோடு போட்டு பத்தரை அடி பழகுங்க. 15 காலடி எடுத்து வேகமா வரணும், ஊன்றும் கால் எதுன்னு முடிவு பண்ணி ஆரம்பக் கோட்டை அதுக்கேற்ப வைக்கணும். பார்வை எதிர்க்கரைக்கு அப்பால் இருக்கணும். பள்ளத்தைப் பார்த்தவன் பள்ளத்தில்தான் விழுவான். விழும்போது முழங்கால் மடங்கி உடம்பு முன்னே சாயணும், பின்னால் கை ஊன்றினா போச்சு.

ஜிக்ஜாக்குக்கு 3–4 இஞ்ச் அகலக் கட்டையைச் செங்கல் மேல் வச்சு, திருப்பத்தோட பழகினா ஒரு வாரம் போதும். காலைப் பார்க்காமல் இரண்டு மூணு அடி முன்னே பார்த்து நடக்கணும். திருப்பத்தில் நின்றுதான் திரும்பணும். அவசரப்படுறவன் அங்கேதான் இறங்குவான்.

ஓட்ட நாள். பெரிய பேட்ச்சாக விடுவாங்க, கோட்டில் முண்டியடிப்பு இருக்கும். முதல் 50 மீட்டரில் முழங்கை இடிச்சு விழுறவன் எழுந்து ஓடி ஜெயிப்பது கஷ்டம். முன்வரிசையில் நிற்கப் பாருங்க, முடியலைன்னா வெளிப்பக்கம். இதில் ஒரு கணக்கு இருக்கு. ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். முழு ரவுண்டும் ஒரு லேன் தள்ளி ஓடினா ஏறக்குறைய 7.5 மீட்டர் கூடுதல்; நாலு ரவுண்டில் 30 மீட்டர்; 5:30 வேகத்தில் அது ஆறு விநாடி. 5:30-க்கும் 5:36-க்கும் 12 மார்க். வளைவில் உள்கோட்டை ஒட்டிப் போகணும், முந்துவது நேர்கோட்டில் மட்டும். நேரம் முடிஞ்சா கோட்டில் கயிறு விழும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அடியில் இருந்தாலும் அடுத்த குரூப்தான்.

ரவுண்டு வேகம்: 81, 83, 84, 80. கூட்டினா 5:28. மூணாவதுதான் எல்லாருக்கும் தொய்யும், அதுக்கு முன்கூட்டியே 84 ஒதுக்கிட்டா பதற்றம் வராது.

சில்வர் ஓக்

எத்தனை நாள் முன்னாடி இறங்கணும்னு கேட்டிருந்தீங்க. வெயிலுக்கு உடம்பு பழக பத்து பதினாலு நாள் ஆகும், அவ்வளவு நாள் கீழே தங்க வசதி இருந்தா தாராளமா. இல்லைன்னா இரண்டு நாள் முன்னாடி போதும். ஓட்டம் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கிடும், உச்சி வெயில் பிரச்சினை அப்புறம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான். குளிரில் தண்ணி குடிக்கிற பழக்கமே நம்மளுக்கு இல்லை. கீழே இறங்கினதும் சிறுநீர் வெளுத்த மஞ்சளா இருக்கிற அளவுக்குக் குடிக்கச் சொல்லுங்க. மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பையன்னா அன்றைக்குக் காலையிலேயே இறங்கி ஓட வைக்கவே கூடாது.

ரிட்டயர்டு உஸ்தாத்

இரண்டு நாள்னா அதில் ஒரு நாளாவது அந்த நேரத்தில், விடியற்காலை மூணரை மணிக்கு எழுந்து லேசா ஓடிப் பார்க்கணும். புது இடத்தில் தூக்கம் வராது. எட்டு மணிக்குப் படுத்தாலும் சரி. ஓடுறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வெல்லம், அதோட நிறுத்தணும். கூப்பிடும் வரைக்கும் முழு பேன்ட்டைக் கழட்டாமல் உட்காரணும், பேட்ச் கூப்பிட்டதும் எட்டு நிமிடம் மெதுவோட்டம், இடம் கிடைச்சா 60 மீட்டர் வேக ஓட்டம் நாலு. கோத்தகிரி குளிரில் பயிற்சின்னா இதே சூடேற்றம் 20 நிமிடம் தேவை.

காதில் மெழுகு இருந்தா இப்பவே டாக்டரிடம் எடுத்துடுங்க, மெடிக்கலில் அதுக்காகவே நிறுத்தி வைப்பாங்க. முழங்கால் ஒட்டுற குறை இருக்கான்னு, முழங்காலைச் சேர்த்து நிற்க வச்சு, கணுக்கால்களுக்கு நடுவில் இடைவெளி விழுதான்னு பாருங்க. ஈரக் காலால் சிமென்ட் தரையில் மிதிக்கச் சொன்னா தட்டைப் பாதமா என்பது அரை நிமிடத்தில் தெரியும். மார்பு 77 சென்டிமீட்டர், மூச்சிழுத்தா இன்னும் 5 விரியணும். 56 கிலோ பையனுக்கு இது ஓரத்தில்தான் இருக்கும், தண்டாலை விடாதீங்க.

கீழ்தொரை

நடுவில் ஒரு கேள்வி. தங்கச்சி ராணுவ போலீஸ் பெண்கள் பிரிவுக்கு எழுதியிருக்கா. அவளுக்கும் இதே அளவா?

ரிட்டயர்டு உஸ்தாத்

இல்லம்மா. 1.6 கிலோமீட்டர் 7:30-க்குள் முதல் குரூப், 8:00-க்குள் இரண்டாவது. பீம் கிடையாது. நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் தாண்டுதல் 3 அடி, இரண்டும் பாஸ் ஆனால் போதும். உயரம் 162. 400 மீட்டர் ரவுண்டு 112 விநாடிக்குப் பழகச் சொல்லுங்க. உயரம் தாண்டுதலுக்குக் கயிறு கட்டிப் பழகாதீங்க, கால் சிக்கினா முகம் அடிபடும். கயிறுக்குப் பதில் தட்டினா விழுற மூங்கில் குச்சி.

கட்டபெட்டு அண்ணன்

வலி பரவலாத்தான் இருக்கு, ஒற்றைக் காலில் பத்து குதிச்சுட்டான். காலை ஓட்டத்தில் இறக்கம் இருந்தது உண்மை, நிறுத்தியாச்சு. வீடியோ எடுத்துப் பார்த்தோம். பீம் 5 இல்லை, 3. முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

சாப்பாடு மட்டும் சொல்லுங்க. வீட்டில் ராகி, அவரை, கீரை, முட்டை எல்லாம் உண்டு. ஆனா சாப்பாட்டோட சாப்பாடா டீ. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் போகும்.

கணுக்கால்

மூணுன்னா செட்டுக்கு இரண்டு எடுக்கச் சொல்லுங்க, மீதி இறக்கும் பயிற்சி. ஆறாவது வாரம் ஏணி ஆரம்பிக்கலாம், இலக்கு எட்டு.

டீ சாப்பாட்டோட வேண்டாம். கீரையிலும் ராகியிலும் இருக்கிற இரும்புச் சத்தை டீ பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்தில் சேர விடாது. மலையில் ஓடுறவனுக்கு ரத்தத்தில் சிவப்பணு கூடுறதுக்குத்தான் இரும்பு வேணும், அதையே டீ கெடுத்தா உயரத்தில் இருக்கிற லாபம் போச்சு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும். சாப்பாட்டோட நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தா இரும்பு நல்லா ஏறும். ஆறு டம்ளரை மூணாக்குங்க, மூணு மணிக்கு மேல ஒண்ணும் வேண்டாம், இல்லைன்னா எட்டு மணிக்குத் தூக்கம் வராது. ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துடுங்க. 13-க்குக் கீழே இருந்தா அட்டவணையை விட்டுட்டு முதலில் டாக்டரைப் பாருங்க.